முதலிடத்தைத் தன் கையால் கழற்றியவர்

புரொபசர் கமலவேணி காலமான செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் தண்ணீர் கேன் போடும் சங்கர். ஞாயிற்றுக்கிழமை காலை. நமது குடியிருப்போர் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளைச் சிவப்பு மையால் திருத்திக்கொண்டிருந்தேன். கேனை இறக்கி வைத்தவர், வழக்கம்போல் அடுத்த வீட்டுக்கு ஓடாமல் நின்றார்.

"டீச்சரம்மா, புரொபசரம்மா வூட்டாண்ட இருந்துதான் வர்றேன். கேன் போடப் போனேன். கதவு தொறந்து கீது, ஒரே கூட்டம். தூக்கத்துலயே பூட்டாங்கோ."

பேனாவை மூடினேன். பிறகு மறுபடி திறந்து, பாதியில் விட்டிருந்த வரியைத் திருத்தி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். என்னை அறிந்தவர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கமலவேணி இருந்திருந்தால் அந்த வரி எது என்று கேட்டிருப்பார்.

அவர் வீட்டில் உங்களில் பலரைப் பார்த்தேன். தண்டலம் பக்கத்துக் கல்லூரியில் அவரிடம் பொருளாதாரம் படித்தவர்கள், அவரோடு வேலை பார்த்தவர்கள், ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள் என்று முற்றம் நிறைந்திருந்தது. அந்தப் பெண்கள் தங்கியிருக்கும் விடுதியின் வார்டன் சகாயமேரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. சற்று நேரம் கழித்து என் காதருகே குனிந்து கேட்டார்.

"டீச்சர், செவ்வாக்கெழம புள்ளைங்கள யாரு இட்டுகினு வருவாங்கோ?"

"இதைக் கேட்கிற நேரமா இது, சகாயமேரி?"

"வேற எப்போ கேக்கறது? நாளன்னிக்கே செவ்வாக்கெழம."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கேள்வியில் தவறில்லை. அதன் பொருள் உங்களில் சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு, நான் முதலிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

எங்கள் அறிமுகம் சண்டையில் தொடங்கியது. என் கணவர் மறைந்த மறு ஆண்டு, சமுதாயக் கூடத்தில் மகளிர் தின விழா நடந்தது. சிறப்புரை கமலவேணி. பள்ளிப் படிப்பு, பிரசவ மரணம், பெண்களின் வேலை என்று ஒவ்வொன்றிலும் உலக நாடுகளின் பட்டியலைச் சொல்லி, அதில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. கான்வென்டில் எங்கள் மதர் சுப்பீரியர் சொல்லிக்கொடுத்தபடி, கையை உயர்த்தி, எழுந்து நின்று, "நம் நாட்டை நாமே பொது மேடையில் விட்டுக்கொடுப்பது சரியா?" என்று கேட்டேன்.

"நீங்க டீச்சரா?" என்று கேட்டார்.

"ஓய்வு பெற்ற ஆசிரியை. கணிதம்."

"அப்ப நீங்களே சொல்லுங்க. புள்ளையோட மார்க் ஷீட்ட அப்பா அம்மாகிட்ட காட்டினா, புள்ளைய விட்டுக்கொடுத்தோம்னா அர்த்தம்?"

கூடம் சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் காலை காபி நேரத்துக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "மதர் சுப்பீரியர் வீட்ல இருக்காங்களா?" அன்று முதல் அவருக்கு நான் 'மதர்'. அந்தப் பெயரை நான் அனுமதிக்கவில்லை என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இப்போது அப்படி என்னைக் கூப்பிட யாரும் இல்லை.

அவர் பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து வளர்ந்தவர். வகுப்பில் அச்சடித்தாற்போன்ற தமிழ். வகுப்புக்கு வெளியே வந்ததும் 'இன்னா', 'வூடு', 'கீது' எல்லாம் வந்துவிடும். முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் இப்படிப் பேசலாமா என்று நான் கேட்டதுண்டு. "பட்டம் பேப்பர்ல கீது மதர், வாயில இல்ல" என்பார்.

எதையும் நாடுகளோடு ஒப்பிடாமல் அவரால் இருக்க முடியாது. கல்யாண வீட்டில் சாம்பாருக்கு உலகத் தரவரிசையில் இடம் கொடுப்பார். என் சமையலறையின் சுத்தத்தை நார்வே என்பார். என் கோபத்துக்கும் ஒரு நாட்டின் பெயர் வைத்திருந்தார், அதை இங்கே எழுத மாட்டேன். அவருடைய செல்ல நாடு கோஸ்டாரிகா. பணக்கார நாடு இல்லை, ராணுவமே கிடையாது, ஆனாலும் அங்கே மக்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்பதில் அவருக்கு ஒரு தாய்வீட்டுப் பெருமை. நேரில் பார்த்ததில்லை. "எங்க அம்மா வூட்ல" என்று பேச்சை ஆரம்பித்தால் ஸ்ரீபெரும்புதூரா கோஸ்டாரிகாவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடந்த பிறந்தநாளுக்கு நான் கேசரி செய்து எடுத்துப் போனேன். "இந்த நாட்டோட சராசரி ஆயுசத் தொட்டுட்டேன் மதர். இனிமே வர்றதெல்லாம் ஓவர்டைம்" என்றார். அது பிறக்கும் குழந்தைக்குக் கணக்கிடும் ஆயுள், இந்த வயதைக் கடந்தவருக்கு இன்னும் மிச்சம் உண்டு என்று அவரே எனக்குச் சொல்லிக்கொடுத்ததை நினைவூட்டினேன். "ஜோக்குக்கும் செவப்பு இங்க் போடுவீங்களா?" என்று கேசரியை வழித்துச் சாப்பிட்டார்.

இனி விடுதிக்கு வருகிறேன். ஒரகடத்தை அடுத்த நம் ஊரில் அந்தப் பெண்கள் விடுதி இருக்கிறது. தூத்துக்குடி, சங்கரன்கோவில், சிவகங்கைப் பக்கங்களிலிருந்து வந்து, உதிரிபாகத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள். ஞாயிறுதோறும் நாங்கள் இருவரும் அங்கே போவோம். நான் ஒரு மணி நேரம் ஆங்கிலம் நடத்துவேன். அதன் பிறகு அவர் 'உலகம்' நடத்துவார். ஒரு நாட்டை எடுத்து, அங்கே ஒரு பெண் எத்தனை வருடம் படிக்கிறாள், எங்கே தண்ணீர் பிடிக்கிறாள், யார் அவள் சம்பளத்தை வாங்குகிறார்கள் என்று பேச்சு போகும். மகிழ்ச்சியில் பின்லாந்து முதலில் இருப்பதைச் சொன்ன அன்று பேச்சியம்மாள் எழுந்தாள். சங்கரன்கோவில் பக்கத்தவள், தொழிற்சாலையில் லைன் லீடர், வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

"அங்க வேக்காடே கெடையாதுல்லா டீச்சர். எங்க டார்மெட்ரில ஃபேன் ஓடுனா நாங்களும் அம்புட்டு சந்தோசமா இருப்போம்."

கமலவேணி அன்றே வார்டனிடம் போய் மின்விசிறியைப் பழுது பார்க்கச் செய்தார். அடுத்த வாரம், "பின்லாந்துக்கு எவ்ளோ பக்கத்துல வந்துகிறோம்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் கேள்வியை எடுத்து வந்தார். உலக அளவில் கேட்கப்படும் கேள்வி அது: 'நீங்கள் வசிக்கும் பகுதியில், இருட்டிய பின் தனியாக நடந்து செல்வது பாதுகாப்பானது என்று உணர்கிறீர்களா?' தமிழில் படித்துவிட்டு, ஆம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார். சாப்பாட்டுக் கூடம் முழுவதும் கை தூக்கியது. ஒருத்தி பாக்கியில்லை. நார்வேயில்கூட எல்லோரும் ஆம் என்று சொல்வதில்லை. அவர் முகத்தில் அன்று நான் பார்த்த பூரிப்பை அவருடைய பட்டமளிப்புப் புகைப்படத்திலும் பார்த்ததில்லை.

செய்தி ஊராட்சித் தலைவர் வரை போனது. நம் பக்கத்தில் காதணி விழாவானாலும் தேர்வில் தேறினாலும் பிளக்ஸ் வைக்காமல் இருக்க முடியுமா? குடியரசு தினத்தன்று சமுதாயக் கூடத்தின் வாசலில் பன்னிரண்டடிப் பிளக்ஸ் ஒன்று ஏறியது. 'பெண்கள் பாதுகாப்பில் உலகிலேயே முதலிடம் நமது ஊர்!' மேலே தலைவர்கள் வரிசையாக. கீழே ஒரு மூலையில், கண்ணாடி பளபளக்க, கமலவேணி. எழுத்துப் பிழை இருந்தது. அதைச் சுட்டிக்காட்டினேன். வேறொன்றும் எனக்கு உறுத்தியது. அதை அன்று சொல்ல எனக்கு வார்த்தை அமையவில்லை.

அந்த நேரத்தில் மெயின் ரோட்டில் கொரிய மொழிப் பேச்சு வகுப்பு ஒன்று ஆரம்பமாயிற்று. இங்கே கொரியக் கம்பெனிகள் எத்தனை என்பது உங்களுக்குத் தெரியும். பேசத் தெரிந்தால் லைனிலிருந்து மொழிபெயர்ப்பு மேசைக்குப் போகலாம். பேச்சியம்மாளுக்கு அது வெறும் ஆசை இல்லை. அவளுடைய ஒப்பந்தம் அந்த ஆண்டோடு முடிகிறது. வேறு வேலை அமையாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும். அவளும் வேறு சிலரும் சேரத் தயாராக இருந்தார்கள். வகுப்பு முடிய மாலை ஏழு மணி. ஷேர் ஆட்டோ மெயின் ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து விடுதிக்கு ஏரிக்கரையை ஒட்டி ஒன்றரைக் கிலோமீட்டர், விளக்கே இல்லாத வழி. சகாயமேரி மறுத்துவிட்டார். "அந்த ரோட்டுல எதுனா ஒண்ணு ஆச்சுன்னா இவங்க ஆத்தா அப்பனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

சரி, விளக்குப் போடச் சொல்வோம் என்று பேச்சியம்மாள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள். தலைவர் சன்னலுக்கு வெளியே பிளக்ஸைக் காட்டினாராம். "உங்க புரொபசரே சொல்லிகிறாங்கோ. ஒலகத்துலயே நம்பர் ஒன்னு. அதுக்கு மேல இன்னாம்மா வோணும்?"

அடுத்த ஞாயிறு வகுப்பில், எல்லோர் முன்னாலும், இதை அவள் எங்களிடம் சொன்னாள். கமலவேணி சொன்னார்: "ஒரே ரோடு. கேட்டுக்கு உள்ள இருந்து பாத்தா ஆபத்து. ஆபீஸ்ல இருந்து பாத்தா நார்வே."

அப்போதுதான் எனக்கு அந்த வார்த்தை அமைந்தது. வகுப்பு முழுவதும் நூற்றுக்கு நூறு வாங்கினால் நான் மாணவிகளை மெச்ச மாட்டேன். வினாத்தாளை எடுத்துப் பார்ப்பேன். எழுந்து நின்று கேட்டேன்.

"அன்று கை தூக்கியவர்களில், அந்த ரோட்டில் இருட்டிய பிறகு நடந்தவர்கள் மட்டும் இப்போது கை தூக்குங்கள்."

ஒரு கையும் எழவில்லை.

"நாங்க எங்க டீச்சர் நடக்கோம்?" என்றாள் பேச்சியம்மாள். "கம்பெனி பஸ்ஸு கேட்டுக்குள்ள வந்து எறக்கிவிட்டுட்டுப் போயிரும். நடந்தாத்தான பயம்?"

"அப்புறம் ஏன் ஆமாம்னு கை தூக்கின?" என்றார் கமலவேணி.

அவள் மற்றவர்களைப் பார்த்தாள். பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி சொன்னாள்: "ஆடிட்டுன்னு நெனச்சோம், மேடம். வெளிநாட்டுக்காரவுக ஆடிட்டுக்கு வந்தா இப்பிடித்தான் கேப்பாக. பாதுகாப்பா இருக்கியா, தண்ணி நல்லாருக்கா, லீவு தாராகளான்னு. எல்லாத்துக்கும் எஸ்ஸுதான். சூப்பர்வைசர் முன்கூட்டியே சொல்லிருவாக."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். கமலவேணி பெஞ்சில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அவரை அறிந்த காலம் முழுவதும் அவர் ஒரு வாதத்தைக் கூட விட்டுக்கொடுத்ததில்லை. அன்றும் வாதாடுவார் என்றே நினைத்தேன்.

"பரீட்சை எழுதாதவங்களுக்கு நான் ஃபர்ஸ்ட் ரேங்க் குடுத்துட்டேன் மதர்" என்றார். "வாங்க. எழுதிட்டு வருவோம்."

அந்த வாரமே எழுதினோம். சகாயமேரியைக் கெஞ்சி, அவரையும் கூட்டிக்கொண்டு, மெயின் ரோட்டிலிருந்து விடுதி வரை மாலை ஏழு மணிக்கு நடந்தோம். பத்துப் பெண்கள், மூன்று கிழவிகள் என்று கமலவேணி சொன்னார், சகாயமேரி ஆட்சேபித்தார். கமலவேணியின் இடது முழங்கால் சரியில்லை. ஒரு கையில் தடி. மறு கையை நான் பிடித்துக்கொண்டேன்.

அவர் ஒரு விதி வைத்தார். நின்று கேட்கும் இடத்தில் ஒவ்வொருவரும் தன் பயத்துக்குப் பத்துக்கு எவ்வளவு என்று உரக்கச் சொல்ல வேண்டும். டீக்கடை வெளிச்சத்தில் எல்லோரும் ஒன்று, இரண்டு என்றார்கள். தொழிற்சாலை மதிலை ஒட்டிக் கன்டெய்னர் லாரிகள் நிற்கும் இடத்தில் எண் ஏறியது. ஏரி மதகைத் தாண்டியதும் கண் தெரியவில்லை. நாய் குரைத்தது. பின்னால் ஒரு பைக் வேகத்தைக் குறைத்து, எங்களோடு கொஞ்ச தூரம் உருண்டு வந்து, பிறகு போயிற்று.

"இங்க எவ்ளோ?" என்றார் கமலவேணி.

"ஒம்பது." "எட்டு." "பத்து டீச்சர், பத்து." சகாயமேரி, "மாதாவே, எனக்குப் பதினொண்ணு" என்றார்.

"மதர்?"

"பூஜ்யம்" என்றேன். இருட்டுக்குப் பயப்படுகிறவள் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை.

கமலவேணி என் காதருகில் குனிந்தார். "உங்க பூஜ்யம் என் கைய நல்லா அழுத்துது மதர். ரத்தமே நின்னுடும் போல கீது." பெண்களிடம் சொல்லவில்லை. அவருடைய மரியாதை அப்படிப்பட்டது.

சமுதாயக் கூடத்தில் நடந்த மே தினக் கிராம சபையில் அவர் செய்ததை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். மற்றவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆனால் அரைகுறையாக. அவர் யாரையும் திட்டவில்லை. எழுந்து, "அந்தப் பிளக்ஸ்ல இருக்கிறது தப்பு. தப்பு என்னுது. நடக்காதவங்களக் கேட்டு நான் போட்ட மார்க்" என்றார். தலைவருக்கு உண்மையாகவே வருத்தம். "நம்பர் ஒன்ன நீங்களே வோணான்னா எப்டிமா? ஊரே பெருமையா கீது."

"பெருமை லைட்டு போடாது தலைவரே" என்று சொல்லிவிட்டு, நாற்காலி ஒன்றை வாசலுக்கு இழுத்துப் போட்டு, அந்த முழங்காலோடு அதன் மேல் ஏறினார். கயிற்றை அவிழ்க்க முடியாமல் தடுமாறியபோது தலைவரே வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். தன் முகம் அச்சிட்ட முதலிடத்தைத் தன் கையால் கழற்றிக் கீழே போட்டார். அந்தப் பிளக்ஸ் இப்போது விடுதியில் துணி துவைக்கும் இடத்துக்குக் கூரையாக இருக்கிறது. மழைக்கு நன்றாகத் தாங்குகிறது.

அதன் பிறகு விளக்கு வந்தது, மதகு வரை. மதகுக்கு அப்பால் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள், விளக்கு இல்லை. நான் மூன்று நினைவூட்டல் கடிதங்கள் எழுதியிருக்கிறேன், நான்காவதும் எழுதுவேன். அதுவரை பெண்கள் காத்திருக்க முடியாதே. கமலவேணி சகாயமேரியிடம் ஒப்பந்தம் பேசினார். செவ்வாயும் வியாழனும் தானே வகுப்புக்குப் போய், தானே பெண்களைக் கூட்டி வந்து கேட்டில் ஒப்படைப்பார். முழங்காலைக் காட்டி நான் தடுத்தேன். "பாடிகார்டு இல்ல மதர், பெரியவங்க ஒருத்தர் கூட இருக்கணும்னுதானே வார்டன் கேக்குது? பெரியவங்களா இருக்க முழங்கால் எதுக்கு?"

ஓராண்டுக்கும் மேலாக அப்படியே செய்தார். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கொரிய மொழியும் கற்றார், படுமோசமாக. அந்த வாத்தியார் துக்கத்துக்கு வந்திருந்தார். தனக்குக் கிடைத்த மாணவிகளில் மிக மோசமானவரும் மிக ஒழுங்காக வந்தவரும் அவர்தான் என்று சொல்லி அழுதார். முதல் தொகுதியில் தேறிய பேச்சியம்மாள் இப்போது இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் மொழிபெயர்ப்பு மேசையில் இருக்கிறாள். இரண்டாம் தொகுதியில் ஒன்பது பெண்கள். அவர்களுக்கு இன்னும் ஆறு வாரத்தில் தேர்வு. சகாயமேரி கேட்டது அவர்களைப் பற்றித்தான்.

செவ்வாய்க்கிழமை மாலை நான் என் பருத்திப் புடவையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டேன். கமலவேணியின் மகனிடம் கேட்டு வாங்கிய தடி கையில் இருந்தது. மெயின் ரோட்டில் பேச்சியம்மாளும் வந்து நின்றாள். அன்று அவளுக்கு ஷிப்ட் இல்லையாம். ஏழு மணிக்கு ஒன்பது பேரும் படியிறங்கினார்கள். நடந்தோம். டீக்கடை, லாரிகள், மதகு. மதகோடு விளக்கு முடிந்தது. வழக்கம்போல் எல்லோரும் அங்கே நின்றார்கள். கேட்க வேண்டியவர் இல்லை.

பிறகு பேச்சியம்மாள்தான் கேட்டாள், அவருடைய குரலிலேயே, அவருடைய பேச்சிலேயே:

"இங்க எவ்ளோ?"

"அஞ்சு." "ஆறு." "நாலு." முன்பு இருந்ததைவிட எண்கள் இறங்கியிருந்தன. நடக்க நடக்க இறங்கியிருக்கின்றன. அவர் இருந்து கேட்டிருக்க வேண்டும்.

"டீச்சர்?"

அவர் என்னிடம் விட்டுப்போனது எது என்று இதை எழுத உட்கார்ந்தபோது யோசித்தேன். தடி இருக்கிறது. கோஸ்டாரிகாவின் படம் போட்ட காபிக் கோப்பை ஒன்று, என் மேசையில் பேனாக்களைத் தாங்கிக்கொண்டு இருக்கிறது. ஆனால் நான் வைத்துக்கொள்ளப்போவது அந்தக் கேள்வியை, அதற்கு அலங்காரம் இல்லாமல் பதில் சொல்லும் பழக்கத்தை. அவர் இருந்தவரை எனக்கு அது வரவில்லை. பிடித்துக்கொள்ள அவர் கை இருந்தது, பூஜ்யம் என்று சொல்ல முடிந்தது.

"எட்டு" என்றேன்.

பேச்சியம்மாள் வந்து தன் கையைக் கொடுத்தாள். பிடித்துக்கொண்டேன். கேட் வரை நடந்தோம். சகாயமேரி வாசலில் நின்று ஒன்பது பேரையும் எண்ணி உள்ளே விட்டார்.

"வியாழக்கெழம, டீச்சர்?"

"வியாழக்கிழமையும் நான்தான்" என்றேன்.